அரைக்கால் சுற்று

நேற்றிரவுக் காற்றில்
மெக்காலிஸ்டர் சாலை அங்சானா ஒன்று
சாம்பல் நிற மைவி மேல் படுத்துக்கொண்டது.
காலை ஏழுக்கு லோரியை நிறுத்தி
வாளை இறக்கினேன்.

வாள் சரியில்லை.
போன வாரம் ஜெலுத்தோங் பட்டறையில்
கோக் செங்கின் புதுப் பையன்
என்னைக் கேட்காமல் கார்புரேட்டரைத் திருகியிருக்கிறான்.
கயிற்றை இழுத்து விசையை அழுத்தினால்
கம்பி இழுத்த மாதிரி ஒரே குரல்.
பிசிறில்லை, தும்மலில்லை.
"நல்லா இருக்குல்ல?" என்றார்
கிளை இழுக்க வந்த தாமோதரன்.
கைப்பேசியோடு நின்ற கூட்டத்துக்கும்
பிடித்துப்போனது.

எனக்குத் தெரியும் அந்தக் குரலை.
பெட்ரோல் போதாமல்
காற்றைத் தின்று கத்துகிறவன் குரல்.
இன்னும் இரண்டு டேங்க் ஓடினால்
பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும்.

'எச்' என்று பொறித்த திருகில்
சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து
இடப்பக்கம்
அரைக்கால் சுற்று.
முழு விசையில் பிடித்துக் கேட்டேன்.
ப. ப்ப. பப்
இன்னும் ஒரு மயிரிழை.
பப்பப்ப பப்ப ப
சரி.

மரத்துக்கு வெளியே இது திக்க வேண்டும்.
பல் உள்ளே இறங்கியதும் தானே தெளிய வேண்டும்.
வெளியிலேயே சுத்தமாகப் பேசுகிற வாள்
வேலையில் செத்துவிடும்.

இதைத் தாமோதரனுக்கு விளக்க
எனக்கு அரை மணி ஆகும்.
என் பெயர் பரந்தாமன்.
மாநகர் மன்றக் கவுண்டரில்
"பெயர்?" என்றாள் ஒருத்தி.
ப, என்றேன்.
ப, ப.
இரக்கமுள்ளவள். "பழனியா?" என்று
முடித்துவைத்தாள்.
பின்னால் பதினோரு பேர் நின்றார்கள்.
தலையாட்டிவிட்டேன்.
மூன்று மாதமாகப் பழனிக்குத்தான்
காசோலை வருகிறது.

வளைந்து விறைத்திருந்தது பெரிய கிளை.
மேலிருந்து அறுத்தால் வாளைக் கடிக்கும்,
அல்லது என் தாடையை உதைக்கும்.
கீழிருந்து ஒரு கீறல், பிறகு மேலிருந்து.
அங்சானா சிவப்பாகக் கசிந்தது
காரின் கூரையில், என் கையுறையில்.
தமிழில் இதன் பங்காளிக்கு
வேங்கை என்று பெயர்.

மைவிக்காரி குடையோடு வந்து
"எப்ப முடியும்?" என்றாள்.
நான் வாளை அணைக்கவில்லை.
அடிமரத்தில் பாதி ஆழம் போயிருந்தது,
திக்கல் நின்று முழுக்குரலில் ஓடியது.
அந்த நேரம் பார்த்துச் சொன்னேன்:
பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்,
பயப்படாதீங்க,
பின்பக்கக் கண்ணாடி மட்டுந்தான் போயிருக்கு.

ஓர் எழுத்தும் தடுக்கவில்லை.
அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆயர் ஈத்தாம் கொட்டகையில்
துண்டுகளை இறக்கினேன்.
தட்டினால் 'தொப்' என்கிறது. ஆறு மாதம் காயட்டும்.
போன வருஷ மரம் 'டங்' என்கிறது,
அதுதான் மைதீன் பிச்சைக்கு.
பச்சையாக ஒரு கட்டை கலந்தாலும்
"பிரியாணிய அழ வைக்கிறியாடா" என்பார்.

கோடாலியை எடுத்தேன்.
நட்ட நடுவில் அடிக்கக் கூடாது,
வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ
அந்தப் பக்கம் போக வேண்டும்.
நாற்பது கட்டைக்குச் சத்தமில்லாமல் பிளந்தேன்.
நாற்பத்தொன்றில் கணு.
கோடாலி சிக்கிக்கொண்டது.

ப, என்றேன்.
யாரும் முடித்துவைக்கவில்லை.
கோடாலியைக் கட்டையோடு தூக்கி
கவிழ்த்து அடித்தேன்,
பரந்தாமன்.

கோணலாகப் பிளந்தது.
ஒரு பாதி பெரிது,
மைதீன் பிச்சையின் அடுப்பில் நுழையாது.

நாளை வங்கிக்குப் போக வேண்டும்,
பழனி யாரென்று சொல்ல.
வாளைக் கொண்டுபோனால்
உள்ளே விடமாட்டார்கள்.